சக்கரம் ஏன் சுழலவில்லை? பழுதறிதலும் தமிழ் வினைச்சொற்களும்

வாகனத்தின் எஞ்சின் இயங்குகிறது. கியரும் விழுகிறது. ஆனால் சக்கரம் சுழலவில்லை. இதன் காரணத்தைக் கண்டறிவது மெக்கானிக்கின் பணி. மொழியாசிரியருக்கும் மாணவருக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மெக்கானிக் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வாக்கியத்தைக் கேட்கிறார். அந்த வாக்கியம் வண்டியை ஓட்டியவருடையது. அவர் தாம் கண்டதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லிவிட்டால், பழுதறிதல் முதல் அடியிலேயே வழிமாறிவிடுகிறது. சக்கரம் சுழலாமைக்குரிய காரணங்களை ஒழுங்குபடுத்தி விளக்குவதும், அவற்றைப் பிரித்தறியத் தமிழ் வினைச்சொற்கள் எவ்வாறு துணைசெய்கின்றன என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமக்கு நேர்ந்த ஒரு பிழை

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாத மழைக்காலத்தில், நமது வண்டியை அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே திறந்தவெளியில் நிறுத்திவிட்டு நான்கு வாரப் பயணம் சென்றோம். கையால் கியர் மாற்றும் பழைய வண்டி அது. முன்சக்கரங்களே அதை இழுத்துச் செல்பவை. பின்சக்கரங்களில் டிரம் பிரேக் பொருத்தப்பட்டிருந்தது. கைப்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டுத்தான் சென்றோம்.

திரும்பிவந்து எஞ்சினை முடுக்கினோம், அது இயங்கியது. கைப்பிரேக்கை இறக்கிவிட்டு, முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தோம். வண்டி சற்றே குலுங்கியது; எஞ்சின் அணைந்துவிட்டது. மூன்று முறை முயன்றும் அதே நிலைதான். பட்டறை ஒன்றுக்குத் தொலைபேசியில், "எஞ்சின் ஓடுகிறது, கியர் போட்டால் வண்டி ஓடவில்லை" என்று சொன்னோம். கிளட்ச் தேய்ந்திருக்கும் அல்லது கியர்ப்பெட்டியில் பழுது இருக்கும், கீழே இறக்கிப் பார்க்கவேண்டும் என்ற விடை வந்தது. அவர்கள் கூறிய தொகை, வண்டியையே விற்றுவிடலாமா என்று எண்ணச் செய்தது.

அதே கட்டடத்தில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் குடியிருந்தார். நம்மைவிட மூத்தவர். செய்தியைக் கேட்டதும் அவர் ஒரே ஒரு வினாவை எழுப்பினார்: "சார், கிளட்ச்ச விட்டதும் எஞ்சின் அணைஞ்சு போச்சா, இல்ல சும்மா இரைஞ்சுகிட்டு நின்னுச்சா?"

"அணைந்துவிட்டது, அண்ணே."

"பின்பக்கம் கொஞ்சம் அமுங்குச்சா?"

எண்ணிப் பார்த்தோம். ஆம், அமுங்கியது.

"அப்படின்னா எஞ்சினும் கிளட்சும் வேலையச் செய்யுது சார். பின்னால எதுவோ பிடிச்சிருக்கு."

அவர் கீழே இறங்கிவந்தார். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். ரப்பர்ச் சுத்தியலால் பின்சக்கரத்து டிரம்மைச் சுற்றிலும் தட்டினார். ஒரு பக்கத்தில் 'டக்' என்ற ஓசை கேட்டது. மறுபக்கமும் அவ்வாறே விடுபட்டது. மழைநீரில் நனைந்து, நான்கு வாரம் அழுத்திக்கொண்டிருந்த பிரேக் பட்டைகள் துருவினால் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவே. பின்னர் டிரம்மைக் கழற்றித் துடைத்ததற்கு ஆன செலவு சிறிது. அவர் நம்மிடம் பெற்றுக்கொண்டது ஒரு கோப்பைத் தே தாரிக் மட்டுமே.

பட்டறையார்மீது குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. "ஓடவில்லை" என்று நாம் சொன்னோம். ஓடாமைக்கு வழக்கமான காரணத்தை அவர்கள் சொன்னார்கள். பிழை நமது வாக்கியத்தில் இருந்தது. வாழ்நாள் முழுதும் வினைச்சொற்களைக் கற்பித்துவந்த நாம், வேண்டிய இடத்தில் வேண்டிய வினையைப் பயன்படுத்தத் தவறினோம்.

சுழலவில்லையா, திரும்பவில்லையா?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'டர்ன்' என்னும் ஒரே சொல் இரண்டு அசைவுகளைக் குறிக்கும். சக்கரம் தன் அச்சைச் சுற்றிச் சுழல்வது ஒன்று. முன்சக்கரம் இடப்புறமோ வலப்புறமோ திசைமாறுவது மற்றொன்று. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முன்னது சுழல்தல், பின்னது திரும்புதல். ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் பேசும் மாணவர் இரண்டுக்கும் 'திரும்பவில்லை' என்றே சொல்லக்கூடும். கேட்பவர் ஸ்டீரிங்கைப் பார்க்கத் தொடங்குவார்; பழுதோ பிரேக்கில் இருக்கும்.

திரும்பாமைக்குரிய காரணங்களைச் சுருக்கமாகக் காண்போம். நிறுத்திவைத்த வண்டியில் ஸ்டீரிங் சிறிதும் அசையாமல், சாவியும் திரும்பாமல் இருந்தால், அது பெரும்பாலும் பழுதன்று. திருட்டைத் தடுக்கும் பூட்டு விழுந்திருக்கிறது. ஸ்டீரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் அது விடுபடும். ஓடும்போது ஸ்டீரிங் திடீரெனக் கனத்துவிட்டால், திருப்புவதற்குத் துணைசெய்யும் எண்ணெய் குறைந்திருக்கலாம். அதன் பம்பை இயக்கும் பட்டி அறுந்திருக்கலாம். மின்சாரத் துணையுடைய வண்டியாயின் அத்துணை நின்றிருக்கலாம். அந்நிலையிலும் ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு இருப்பதால், வலிந்து திருப்பினால் சக்கரம் திரும்பும். ஸ்டீரிங் எளிதாகத் திரும்பியும் சக்கரம் திரும்பவில்லையெனின் அத்தொடர்பே விட்டுப்போயிற்று என்று பொருள். அந்த வண்டியை ஓர் அடிகூட ஓட்டலாகாது. 'கனக்கிறது' என்பதற்கும் 'தொடர்பில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே உயிர்காக்கும் வேறுபாடாகும்.

இயங்குவினையும் இயக்குவினையும்

இனிச் சுழலாமைக்கு வருவோம். பேராசிரியர் கு. பரமசிவம் 'இக்காலத் தமிழ் மரபு' என்னும் நூலில் தமிழ் வினைகளை இயங்குவினை, இயக்குவினை என்று பகுத்துக் காட்டியுள்ளார். சுழல் என்பது இயங்குவினை. சுழற்று என்பது இயக்குவினை. சக்கரம் சுழல்கிறது, எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. முதல் வாக்கியத்தில் எழுவாய்க்கு நிகழ்வது சொல்லப்படுகிறது. இரண்டாவதில் எழுவாய் மற்றொன்றின்மீது செய்வது சொல்லப்படுகிறது.

இத்தகைய இணைகள் தமிழில் ஏராளம். திரும்பு–திருப்பு, இயங்கு–இயக்கு, பொருந்து–பொருத்து, இறங்கு–இறக்கு என்பவற்றில் மெல்லின ஒலி வல்லினமாக இரட்டிக்கிறது. உருள்–உருட்டு, ஓடு–ஓட்டு, நகர்–நகர்த்து, சுழல்–சுழற்று என்பவை வேறு வகையில் அமைகின்றன. ஓர் எழுத்து மாறுவதால், செயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புலனாகிறது. இயந்திரத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கருவி வேறென்ன வேண்டும்?

'சக்கரம் சுழலவில்லை' என்னும் இயங்குவினை வாக்கியம், கண்ணால் கண்ட விளைவை மட்டும் கூறுகிறது. அதற்குப் பின்னால் இரண்டு இயக்குவினை வினாக்கள் காத்திருக்கின்றன. சுழற்றவேண்டியது சுழற்றவில்லையா? அல்லது, அது சுழற்றியும் வேறொன்று தடுக்கிறதா? சக்கரம் சுழலாமைக்குரிய காரணங்கள் யாவும் இவ்விரண்டனுள் ஒன்றில் அடங்கும். விசை வந்து சேரவில்லை என்பது ஒன்று. பிடி விடவில்லை என்பது மற்றொன்று.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது எஞ்சினின் ஓசை. விசை வழியிலேயே நின்றுவிட்டால் எஞ்சினுக்குச் சுமையில்லை. கால் அழுத்த அழுத்த அது வீணே இரையும். விசை சென்று சேர்ந்து, அங்கே பிடி இறுகியிருந்தால் எஞ்சின் திணறும். கைக்கியர் வண்டியில் அணைந்தும் போகும். தானியங்கிக் கியர் வண்டியில் அணையாவிட்டாலும் ஓசை கனத்து, உடல் ஒருபுறம் அமுங்கும். மூத்த மெக்கானிக் கேட்ட முதல் வினாவின் பொருள் இதுவே.

விசை செல்லும் வழி

விசை வந்து சேரவில்லை எனத் தெரிந்தால், அது செல்லும் வழியை வரிசையாக நினைவுகூரவேண்டும். எஞ்சினிலிருந்து கிளட்சுக்கும், அங்கிருந்து கியர்ப்பெட்டிக்கும், பின்னர் இரு பக்கத்துக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலுக்கும், அதிலிருந்து சுழல்தண்டுகள் வழியாகச் சக்கரங்களுக்கும் விசை செல்கிறது. தானியங்கிக் கியர் வண்டியில் கிளட்சின் இடத்தில் எண்ணெயால் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பெரும்பாலும் அமைந்திருக்கும்.

கிளட்ச் தட்டு தேய்ந்தால் அது பற்றாமல் வழுக்கும். எஞ்சின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். தானியங்கிக் கியர்ப்பெட்டியில் எண்ணெய் மிகக் குறைந்தாலும் எஞ்சின் இரையும், வண்டி நகராது. கியர் மாற்றும் கம்பி கழன்றிருந்தால், கைப்பிடி 'D'-யில் நிற்கும். பெட்டிக்குள் கியர் மாறியிருக்காது.

டிஃபரன்ஷியலைப் பற்றி மாணவர்கள் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். வளைவில் செல்லும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட மிகுதியான தூரம் செல்லவேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருவதே இதன் பணி. அதன் சாதாரண வடிவம் இரு சக்கரங்களுக்கும் ஒத்த அளவு முறுக்குவிசையையே அளிக்கும். ஆகவே ஒரு சக்கரம் சேற்றில் பிடிமானமின்றி வீணே சுழன்றால், உலர்ந்த தரையில் நிற்கும் மற்றதற்கும் அச்சிறு விசையே கிடைக்கும், அது நின்றுவிடும். அவ்வாறே ஒரு பக்கத்துச் சுழல்தண்டு முறிந்தாலும், முறிந்த பக்கம் வெறுமனே சுழல, நலமாக உள்ள பக்கமும் நின்றுவிடும். நிற்கும் சக்கரத்தில் பழுது இருக்கவேண்டும் என்பதில்லை. பழுது எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். கண் காட்டுவதைக் காரணமெனக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் அரிது.

விடாத பிடிகள்

பிடி விடவில்லை எனத் தெரிந்தால், எளியவற்றை முதலில் நோக்கவேண்டும். கைப்பிரேக் முழுதும் இறங்கியதா? தானியங்கி வண்டியாயின் கைப்பிடி 'P'-யை விட்டு வந்ததா? 'P' நிலையில் கியர்ப்பெட்டியினுள் ஒரு சிறு இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து வண்டியைத் தடுக்கிறது. கால்பிரேக்கை மிதித்தால் மட்டுமே அந்நிலையிலிருந்து கைப்பிடியை மாற்ற முடியும்படி இக்கால வண்டிகள் அமைந்துள்ளன. மிதித்தும் கைப்பிடி நகரவில்லையெனின், பின்னால் ஒருவரை நிற்கச் செய்து பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேட்கவேண்டும். எரியவில்லையாயின், மிதித்ததை அறிவிக்கும் சிறு சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். கியர்ப்பெட்டியைக் கழற்றவேண்டிய தேவையே இராது.

அடுத்தது பிரேக். நம் நாட்டு ஈரக்காற்றில், மழைக்கு மறுநாள் பிரேக் தட்டின்மீது மெல்லிய துரு படர்வது இயல்பு. இரண்டு மூன்று முறை பிரேக் மிதித்தால் அது தேய்ந்து போகும். நீண்ட நாள் நின்ற வண்டியில் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். கைப்பிரேக்கின் கம்பி தன் உறைக்குள் துருவேறி, கைப்பிடி இறங்கியும் தான் இறங்காமல் இருக்கலாம். டிஸ்க் பிரேக்கில், அழுத்தும் பிஸ்டன் பின்வாங்காமல் இறுகிக்கொள்ளலாம். அதைத் தாங்கும் பகுதி நகர்வதற்குரிய ஊசிகள் உலர்ந்து சிக்கிக்கொள்ளலாம். பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் உள்ளே சிதைந்து, எண்ணெயை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுக்கலாம். சக்கரத்தின் பேரிங் சிதைந்து இறுகுவதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முன்கூட்டியே உறுமல் ஓசையால் அறிவித்துவிடும்.

இவற்றை மெக்கானிக் பிரித்தறியும் முறை எளியது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஐயத்துக்குரிய சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் வைக்கிறார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் செல்லலாகாது. கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, சக்கரத்தைக் கையால் சுழற்றுகிறார். சுழன்றால் அச்சக்கரத்தில் பிடியில்லை. சுழலவில்லையெனின், பிரேக் எண்ணெயை வெளியேற்றும் திருகை அங்கே சிறிது தளர்த்துகிறார். உடனே சக்கரம் விடுபட்டால், எண்ணெயின் அழுத்தம் திரும்பிச் செல்ல வழியின்றி நின்றிருக்கிறது. குழாயையோ அதற்கு மேற்பட்டதையோ பார்க்கவேண்டும். விடுபடவில்லையெனின், இறுகியது இரும்புப் பகுதியே. ஒரு திருகைத் தளர்த்துவதால் ஐயங்களில் பாதி நீங்கிவிடுகிறது. நல்ல வினா என்பதும் அத்தகையதே.

"ஜாம் ஆகிவிட்டது" என்னும் மூடி

மேலே நாம் ஆண்ட வினைகளை மீண்டும் நோக்குக: ஒட்டிக்கொண்டது, இறுகிக்கொண்டது, சிக்கிக்கொண்டது, விழுந்தது, துருவேறியது, வழுக்குகிறது, கழன்றது, முறிந்தது. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டுகிறது. வெவ்வேறு தீர்வையும் சுட்டுகிறது. ஒட்டியதைத் தட்டி விடுவிக்கலாம். சிக்கியதை எண்ணெயிட்டு நகர்த்தலாம். முறிந்ததை மாற்றத்தான் வேண்டும். 'கொள்' என்னும் துணைவினை, அந்நிலை வெளியிலிருந்து எவரும் செய்யாமல் தானே நேர்ந்து நிலைத்துவிட்டது என்பதையும் சேர்த்து உணர்த்துகிறது.

இவை அனைத்துக்கும் மாறாக, "ஜாம் ஆகிவிட்டது" என்ற ஒரே தொடரை இன்று பலரும் ஆள்கின்றனர். பிரேக், கியர், கிளட்ச் ஆகிய பெயர்ச்சொற்களைக் கடன்வாங்கியதைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. பொருளோடு பெயரும் வருவது மொழிகளில் இயல்பு. அப்பெயர்களைப் பட்டறையில் உள்ளோர் நன்கு அறிவர். புதிதாக ஆக்கிய சொல்லால் அவர்களைத் தடுமாறச் செய்வது பயனற்றது. கவலை வினைச்சொற்களைப் பற்றியதே. பெயரைக் கடன்வாங்கினால் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. இருக்கும் எட்டு வினைகளை விட்டு, 'ஜாம் ஆகு' என்ற ஒன்றைக் கொண்டால் ஏழு வேறுபாடுகளை இழக்கிறோம். தமிழால் தொழில்நுட்பம் பேச இயலாது என்று சொல்வோர் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலையே காட்டுகின்றனர். பழுதறிதலுக்கு உயிர் வினையில் இருக்கிறது. அச்செல்வம் நம்மிடம் உள்ளது. அதைப் பயன்படுத்தாமல் மறந்துவிடுவதே உண்மையான இழப்பு.

பேச்சு வழக்கில் "சக்கரம் சுத்தமாட்டேங்குது" என்றும் சொல்கிறோம். 'மாட்டேன் என்கிறது' என்பதன் வடிவம் இது. உயிரற்ற பொருள் பிடிவாதம் செய்வதுபோல் பேசுவது சுவையான வழக்கு, அதை விலக்கவேண்டுவதில்லை. ஆயினும் பழுதைப் பற்றிப் பேசும்போது, பிடிவாதத்தைச் சக்கரத்தின்மேல் ஏற்றிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் நின்றுவிடக் கூடாது. சக்கரம் மறுப்பதில்லை, ஒன்று அதை மறுக்கச் செய்கிறது.

கண்டதும் கருதியதும்

"கிளட்ச் போய்விட்டது" என்று வண்டி ஓட்டியவர் சொல்லும்போது, அது அவர் கண்டதன்று, கருதியது. "எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை வந்தது" என்பதே கண்டது. புகையைக் கண்டு நெருப்பைக் கருதும் எடுத்துக்காட்டு இந்தியத் தருக்க மரபில் புகழ்பெற்றது. அளவைகளைப் பற்றி மணிமேகலைக் காப்பியமும் விரிவாகப் பேசுகிறது. காட்சியையும் கருதலையும் வேறுபடுத்தும் அவ்வொழுங்கு பட்டறை வாசலிலும் வேண்டும். கருதியதை மட்டும் சொன்னால், கேட்பவர் நம் கருத்தையே பழுதுபார்க்கத் தொடங்குவார்.

கண்டதை முழுமையாகச் சொல்வதற்குத் தொல்காப்பியத்திலேயே ஒரு பட்டியல் உள்ளது. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியவை எட்டு என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுக்கிறார். தொழில், அதைச் செய்வது, செயலுக்கு உள்ளாகும் பொருள், இடம், காலம், கருவி ஆகிய ஆறும், யாருக்காக, என்ன பயனுக்காக என்னும் இரண்டும் அவை. வேற்றுமைகளை விளக்கும் இடத்தில் வரும் இவ்விலக்கணத்தின் முதல் ஆறனைப் பழுதுக்குப் பொருத்திப் பார்க்கலாம். என்ன நிகழ்ந்தது? எது செய்தபோது? எந்தச் சக்கரத்துக்கு? எந்த இடத்தில், மேட்டிலா சமதளத்திலா? எப்போது, மழைக்குப் பின்னா, நீண்ட ஓட்டத்துக்குப் பின்னா? எந்தக் கியரில், எந்த மிதியை மிதித்தபோது? நாம் அன்று "நான்கு வாரம் மழையில், கைப்பிரேக் இழுத்த நிலையில் நின்ற வண்டி" என்று காலத்தையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், தொலைபேசியிலேயே பாதி விடை கிடைத்திருக்கும்.

வழியிடையே பழுது நேரும் என்று எண்ணிச் சொல் ஆக்கிக்கொண்டவர்கள் நம் முன்னோர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச்சென்ற மாற்று அச்சைச் 'சேம அச்சு' என்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் குறிப்பிடுகிறார். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியும் என்று அறிந்தவர்களின் தொழிற்சொல் அது. புலவர் அதைத் தம் பாட்டில் ஆண்டார். சொல் அவர்களின் வேலையிலிருந்து பிறந்தது. வேலையின்போது தமிழை ஆள்வோர் உள்ளவரை அத்தகைய சொற்கள் பிறந்துகொண்டே இருக்கும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இதனை மாணவர்க்குக் காட்ட மோட்டார் வாகனம் தேவையில்லை. ஒரு மிதிவண்டி போதும். அதைத் தலைகீழாக நிறுத்தி, ஆசிரியர் மாணவர்க்குத் தெரியாமல் ஒருமுறை சங்கிலியைக் கழற்றிவிடலாம். மறுமுறை பின்பிரேக்கை இறுக்கிக் கட்டிவிடலாம். இரு முறையும் பின்சக்கரம் சுழலாது. மாணவர் மிதிகட்டையைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். சங்கிலி கழன்றபோது மிதிகட்டை எளிதாகச் சுழலும். விசை வந்து சேரவில்லை. பிரேக் இறுகியபோது மிதிகட்டையும் நின்றுவிடும், பிடி விடவில்லை. எஞ்சின் இரைவதும் திணறுவதும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது கைக்கே புலப்படும்.

பின்னர் ஒவ்வொரு மாணவரும் மூன்று வாக்கியங்கள் எழுதட்டும். முதல் வாக்கியம் இயங்குவினையில் அமைந்து, கண்டதை மட்டும் கூறவேண்டும். இரண்டாவது இயக்குவினையில் அமைந்து, எது எதைச் சுழற்றவில்லை அல்லது தடுத்தது என்று கூறவேண்டும். மூன்றாவது, 'ஆகவே' என்று தொடங்கிக் கருதியதைக் கூறவேண்டும். 'ஜாம்' என்ற சொல்லுக்கு மட்டும் அன்று விடுமுறை அளிக்கலாம். அறிவியல் ஆசிரியரும் மொழியாசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் இது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்த பின்னரே செயற்படவேண்டும் என்று மருத்துவருக்கு வழிகாட்டுகிறது. மருத்துவரிடம் செல்பவருக்கும் ஒரு கடமை உண்டு: தாம் உற்றதை உற்றவாறு சொல்வது. நமது மூத்த மெக்கானிக் இன்று உயிருடன் இல்லை. அவர் பள்ளியில் பயின்ற ஆண்டுகள் மிகச் சில. ஆயினும் 'அணைந்ததா, இரைந்ததா' என்று அவர் கேட்ட வினாவில், நாம் பல்லாண்டு கற்பித்த வினையியல் முழுதும் இருந்தது. அவருக்கு அன்று நாம் அளித்த விடை, நம் வாழ்வில் மிகச் சரியாக ஆண்ட வினைமுற்றுகளுள் ஒன்றென இன்றும் எண்ணுகிறோம்: "அணைந்துவிட்டது, அண்ணே."